கூரன் கவனித்த கவனிப்பு

நாவல் குளத்துக் காட்டில் கூரன் என்ற முள்ளம்பன்றி இருந்தான். இருந்தான் என்று சொல்வதுகூட அவ்வளவு சரியில்லை. இளவட்டமாக இருந்தபோதே சிங்கராஜாவின் எல்லைப் படையில் சேர்ந்துவிட்டான். மலை முகட்டில் நின்றுகொண்டு, கழுதைப்புலிகள் உள்ளே நுழையாமல் காவல் காத்தான். முதுகு முள் நரைக்கும்வரை காத்தான்.

பிறகு ஒருநாள் படைத்தலைவர் புலி அவனைக் கூப்பிட்டு, "கூரா! உன் சேவை முடிந்தது. வீட்டுக்குப் போ!" என்றார்.

"உத்தரவு!" என்று சொல்லிவிட்டுக் கூரன் திரும்பி நடந்தான். அடுத்த உத்தரவை யாராவது கொடுப்பார்கள் என்று வழியெல்லாம் காத்திருந்தான். யாரும் கொடுக்கவில்லை.

வீட்டில் மனைவி தாழை இருந்தாள். கடைசி விடுப்பில் அவன் வந்துபோன பிறகு பிறந்த குட்டிகள் இருந்தன. அவற்றின் முள் இன்னும் புல்லைப் போல மெத்தென்று இருந்தது. கூரன் வளைக்குள் வந்ததும், முதுகைச் சுவரில் ஒட்டி, முகத்தை வாசலுக்கு நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"எதுக்கு இப்படி உட்கார்றீங்க? இது நம்ம வீடுதானே!" என்றாள் தாழை.

"வாசல் ஒண்ணுதான் இருக்கு. எவனாவது வந்தா எப்படித் தப்பிக்கிறதுன்னு பார்க்கிறேன்."

"எவன் வரப்போறான்?"

"அதுதான் தெரியலையே!" என்றான் கூரன்.

காற்றடித்தால் அவன் முள் சிலிர்க்கும். சருகு விழுந்தால் சிலிர்க்கும். குட்டி தும்மினாலும் சிலிர்க்கும். குட்டிகள் அப்பாவைக் கண்டாலே அம்மாவின் வயிற்றுக்கடியில் போய் ஒளிந்துகொண்டன. கூரனுக்கு இது வலித்தது. வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல அவனுக்குப் படையில் யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

கோடை வந்தது. காடெல்லாம் காய்ந்து, நாவல் குளத்தில் மட்டும் தண்ணீர் மிஞ்சியது. அந்தக் குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோடையில் குளத்து நிழலில் குடியிருக்க வேண்டுமானால், குளத்தில் ஏதாவது ஒரு வேலை பார்க்க வேண்டும். வேலை இல்லாதவர்கள் குடும்பத்தோடு மேட்டுக்காட்டுக்குப் போய்விட வேண்டும். மேட்டுக்காட்டில் பாறை உண்டு, வெயில் உண்டு. தண்ணீர்தான் கிடையாது.

"எனக்கு ஒண்ணுமில்ல. இதுங்க தாங்காது," என்று குட்டிகளைக் காட்டினாள் தாழை.

கூரன் வேலை தேடிக் கிளம்பினான்.

எறும்புகளிடம் போனான். "வரிசையில் நடக்கத் தெரியும்! விடியும் முன் எழத் தெரியும்! சொன்னதைச் செய்யத் தெரியும்!" என்றான். எறும்புகளுக்கு அவனை மிகவும் பிடித்துப்போயிற்று. ஆனால் அவன் ஒரு காலை எடுத்து வைத்ததும் பாதி வரிசை காணாமல் போயிற்று. "வேற இடம் பாருங்க!" என்று மீதி வரிசை கத்தியது.

தூக்கணாங்குருவியிடம் போனான். "படையில இருந்தீங்களா? அடேயப்பா! உங்களாலதான் நாங்க நிம்மதியாத் தூங்குறோம்!" என்றது குருவி.

"வேலை?"

"கூடு பின்னத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்படீங்களா! போய்ட்டு வாங்க, மிலிட்டரி!"

போன இடமெல்லாம் மரியாதை கொட்டிக் கிடந்தது. வேலைதான் இல்லை. மரியாதையைக் குட்டிகளுக்குக் குடிக்கக் கொடுக்க முடியாதே!

கடைசியில் கரடியம்மாவிடம் வந்தான். அவள் குளக்கரையில் சத்திரம் நடத்திவந்தாள். வெயிலில் நடந்து வரும் விலங்குகள் அங்கே தண்ணீர் குடித்து, நாவல் மரத்தடியில் இளைப்பாறி, பழம் தின்றுவிட்டுப் போகும். கரடியம்மாவுக்கு எப்போதும் அவசரம். ஒரு பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த வேலைக்கு ஓடிவிடுவாள்.

"மிலிட்டரியா? நல்லதாப் போச்சு! வேலை ஒண்ணும் பெரிசில்லப்பா. வாசல்ல நில்லு. வர்றவங்களை நல்லாக் கவனிச்சுக்கோ. அவ்வளவுதான்!"

கூரனின் கண்கள் பளிச்சிட்டன. "கவனிப்பதா! அது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு!"

"அப்போ இன்னிக்கே..." என்று சொல்லிக்கொண்டே கரடியம்மா பழக்கூடையைப் பார்க்க ஓடிவிட்டாள்.

அவள் இன்னும் இரண்டு வார்த்தை நின்று பேசியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சத்திரத்து வாசலுக்குப் பக்கத்தில் கோரைப்புல் அடர்ந்து நின்றது. அதற்குள் ஒரு நீர்க்கோழி கூடு கட்டி, முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. கூரன் அந்தக் கோரைக்கு முன்னால் விறைப்பாக நின்றான். முதல் விருந்தாளியாக ஒரு முயல் தாகத்தோடு ஓடி வந்தது.

"நில்! யார் அங்கே?"

"நான்தான்!" என்றது முயல்.

"நான்தான் என்றால் யார்?"

"நான்தாங்க!"

"கழுதைப்புலியும் 'நான்தான்' என்றுதான் சொல்லும்! பெயர் என்ன? எங்கிருந்து வருகிறாய்? எதற்கு வருகிறாய்?"

"தண்ணி குடிக்கங்க!"

"மூக்கு ஏன் துடிக்கிறது?"

"அது எப்பவுமே துடிக்கும்ங்க!"

"எப்போதுமா? அப்படியென்றால் இது நெடுநாள் திட்டம்!"

முயலை உள்ளே விட்டான். ஆனால் அது குடிக்கும்போது எதிரிலேயே நின்று, கண் இமைக்காமல், முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு அதையே பார்த்தான். கரடியம்மா நல்லாக் கவனிக்கச் சொன்னாள் அல்லவா? நல்லாக் கவனித்தான்! முயலுக்கு வாயில் எடுத்த தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை. பாதியிலேயே ஓடிப்போயிற்று.

'ஓடுகிறது! மடியில் கனம் இல்லாவிட்டால் ஏன் ஓட வேண்டும்?' என்று கூரன் நினைத்துக்கொண்டான்.

அதன் பிறகு அவனுக்குக் குளத்தில் ஒருவர்கூட யோக்கியமாகத் தெரியவில்லை. தவளைகள் ஓயாமல் கத்தின. அவன் கிட்டே போனதும் சட்டென்று நிறுத்தின. 'என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறார்களே, ஏன்?' அணில் மரத்தில் ஏறியது, இறங்கியது, மறுபடியும் ஏறியது. 'யாருக்கோ சேதி கொண்டுபோகிறது!' நாரை தண்ணீரில் ஒற்றைக்காலில் அசையாமல் நின்றது. அதுதான் எல்லாரிலும் மோசம் என்று அவனுக்குத் தோன்றியது.

"ஏய்! இன்னொரு காலை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய்?"

"இறக்கைக்கு உள்ளே வெச்சிருக்கேன்," என்றது நாரை.

"எதற்கு?"

நாரை யோசித்துப் பார்த்தது. பிறந்ததிலிருந்து அதை யாரும் இப்படிக் கேட்டதில்லை. "தெரியலையே!" என்றது.

"தெரியாதாம்!" என்று கூரன் உறுமினான்.

இதையெல்லாம் நாவல் மரத்துக்குப் பின்னால் இருந்து ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சவ்வாது. புனுகுப்பூனை. சத்திரத்தில் பழம் பரிமாறுகிறவன். அவன் நடந்தால் வாசனை முன்னே வரும். பேசினால் தேன் ஒழுகும். விருந்தாளிகளுக்கெல்லாம் அவன்தான் செல்லம். சவ்வாதுக்கோ பழம் பரிமாறிப் பரிமாறி அலுத்துப்போயிருந்தது. கோரைக்குள் இருந்த முட்டைகள் மேல் அவனுக்கு ஒரு கண். புதுக் காவல்காரன் கோரைக்கு முன்னாலேயே நின்றுவிட்டதில் அவனுக்கு வயிற்றெரிச்சல்.

மறுநாள் சவ்வாது வாசலுக்கு வந்தான். நடை வேறாக இருந்தது. வாலை நிமிர்த்தி, காலைத் தட்டி, விறைத்து நின்றான்.

"யார் அங்கே?"

"சவ்வாது! புனுகுப்பூனை! சத்திரத்துப் பணியாள்! உள்ளே செல்ல அனுமதி கேட்கிறேன்!"

கூரனுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. இத்தனை பேர் வந்து போனார்களே, ஒருவராவது கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னார்களா? இவன் ஒருவன்தான் ஒழுக்கம் தெரிந்தவன்! அவன் முள்ளெல்லாம் தானாகப் படிந்தது.

"அனுமதி! போகலாம்!"

அன்று மத்தியானம் நாரை மெல்ல நடந்து கூரனிடம் வந்தது. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தச் சவ்வாது இருக்கானே..."

"நில்! முதலில் பெயரைச் சொல்!"

"நேத்துதானே பார்த்தோம்? நான்தான்!"

"மறுபடியும் நான்தானா! ஒற்றைக்காலில் நிற்பதற்குக் காரணம் தெரிந்ததா? அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்!"

நாரைக்கு ரோஷம் வந்துவிட்டது. "நமக்கு எதுக்கு வம்பு!" என்று சொல்லிவிட்டு அக்கரைக்குப் பறந்துபோயிற்று. அது சொல்ல வந்தது சொல்லப்படாமலே போயிற்று.

சாயங்காலம் கரடியம்மா மூச்சிரைக்க வந்தாள். "என்னப்பா மிலிட்டரி, நீ யாரையும் கவனிக்கிறதே இல்லையாம்! முயல் வந்து அழுவுது!"

கூரன் திடுக்கிட்டான். "கவனிக்கவில்லையா? அம்மா! அந்த முயலின் இடது காதில் ஒரு கிழிசல். வலது முன்னங்காலில் சேறு. மூக்கு துடிக்கிறது. இதற்கு மேல் எப்படிக் கவனிப்பது?"

"என்ன உளர்றே? இந்தா பாரு. நாளைக்கு உச்சிவெயில்ல மலையோரத்து மான் கூட்டம் வருது. பெரிய கூட்டம். வாசலை விட்டு நகராதே. சிரிச்ச முகமா நின்னு, ஒழுங்காக் கவனி! இல்லேன்னா நாளையோட உனக்கு இங்க வேலை இல்ல!"

வேலை இல்லை என்றால் நிழல் இல்லை. நிழல் இல்லை என்றால் மேட்டுக்காடு. கூரன் வளைக்குத் திரும்பி, குட்டிகளைத் தூரத்தில் நின்றே பார்த்தான்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் தாழை.

"கவனிப்பு பத்தலையாம். நாளைக்கு இன்னும் உத்துக் கவனிக்கணும்."

தாழை அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அந்தம்மா எதை மனசுல வெச்சுச் சொன்னாங்களோ, கேட்டீங்களா?"

"உத்தரவுக்கு எதிர்க்கேள்வி கேட்கக்கூடாது!" என்றான் கூரன். அத்துடன் பேச்சு முடிந்தது.

மறுநாள் காலையில் சவ்வாது மறுபடியும் வந்து விறைத்து நின்றான். "மான் கூட்டத்துக்கு ஆசனம் விரிக்க வேண்டும்! கோரை பறிக்க அனுமதி கேட்கிறேன்!"

"அனுமதி! போகலாம்!" என்றான் கூரன்.

சவ்வாது கோரைக்குள் போனான். நீர்க்கோழி இரை தேடப் போயிருந்தது. சவ்வாது போன சுருக்கில் கையளவு கோரையோடு திரும்பினான். கூரனுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு உதட்டை நக்கிக்கொண்டே போனான். உதட்டை ஏன் நக்குகிறான் என்று கூரன் கேட்கவில்லை. முயலின் மூக்கைக் கேட்டவன், நாரையின் காலைக் கேட்டவன், இவனை மட்டும் கேட்கவில்லை!

கொஞ்ச நேரத்தில் கோரைக்குள் இருந்து அலறல் கேட்டது.

"என் முட்டை! ஒண்ணைக் காணோம்! ஐயோ, ஒண்ணைக் காணோம்!"

எல்லாரும் ஓடி வந்தார்கள். நீர்க்கோழி கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. அணில் கூரனைப் பார்த்தது. தவளைகள் கூரனைப் பார்த்தன. இரண்டு நாளாக அவன் எல்லாரையும் எப்படிப் பார்த்தானோ அப்படியே எல்லாரும் இப்போது அவனைப் பார்த்தார்கள்.

சவ்வாது கரடியம்மாவின் காதருகே போனான். "நான் யாரையும் குத்தம் சொல்லலைம்மா. ஆனா இத்தனை நாளா இங்க முட்டை காணாமப் போனதுண்டா? புது ஆள் வந்தாரு, போச்சு. கோரைக்கு முன்னாடியே நிக்கிறதும் அவர்தான். சண்டையெல்லாம் பார்த்த ஆளு. எதுக்கும் நீங்க ஜாக்கிரதையா இருங்க!"

கரடியம்மா கூரனை ஏற இறங்கப் பார்த்தாள். "கூட்டம் வர்ற நேரம். இப்ப எதுவும் வேண்டாம். போனப்புறம் விசாரிக்கிறேன்," என்றாள். அந்தக் குரலில் முந்தின நாள் இருந்த கோபம்கூட இல்லை. கூரனுக்கு அதுதான் பயமாக இருந்தது.

எல்லாரும் கலைந்தபின் சவ்வாது கூரனிடம் வந்தான். இந்த முறை விறைப்பு இல்லை. தோளோடு தோள் ஒட்டி நின்றான். காலையில் தின்ற முட்டையின் ருசி அவனை விடவில்லை.

"அண்ணே, எல்லாரும் உங்க மேலதான் சந்தேகப்படுறாங்க. எனக்கு மனசே கேக்கலை. மான் கூட்டம் உள்ளே வந்ததும், நீங்க கோரைப் பக்கம் நிக்காதீங்க. நாவல் மரத்துக்கு அந்தப் பக்கம் போயிடுங்க. இங்க என்ன சத்தம் கேட்டாலும் திரும்பாதீங்க. உங்களுக்கும் நல்லது."

"நன்றி!" என்றான் கூரன். இந்தக் குளத்தில் தனக்கென்று பேச ஒருவனாவது இருக்கிறானே!

சவ்வாது கண்ணைச் சிமிட்டினான். "சொன்னபடி செய்யுங்க. அப்புறம் உங்களை நான் தனியாக் கவனிச்சுக்கிறேன்!"

சொல்லிவிட்டு வாசனையைக் காற்றில் விட்டுக்கொண்டு போனான்.

கூரனின் முதுகில் ஒரு முள் எழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாமே எழுந்தன.

'தனியாகக் கவனிக்கிறானா? என்னையா?'

எல்லைப் படையில் சேர்ந்த அன்றே அவனுக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். திருட வருகிறவன் முதலில் பொருளைப் பார்ப்பதில்லை. காவல்காரனைத்தான் பார்ப்பான். அவன் எப்போது திரும்புகிறான், எப்போது நகர்கிறான் என்று கவனித்துக்கொண்டே இருப்பான். இவன் அதைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டான்!

'ஆகா! இவன் ஒற்றன்!' என்றான் கூரன்.

கெட்டிக்காரத்தனத்தால் கண்டுபிடித்தான் என்று நான் சொல்லமாட்டேன். சவ்வாது சொன்னது ஒன்று, இவன் புரிந்துகொண்டது வேறொன்று. சில சமயம் அப்படியும் நல்லது நடக்கிறது.

உச்சிவெயிலில் மான் கூட்டம் வந்தது. கரடியம்மா தூரத்தில் இருந்து, "மிலிட்டரி! சிரி!" என்று கத்தினாள். கூரன் தன் நீளமான மஞ்சள் பற்களைக் காட்டிச் சிரித்தான். மான்குட்டிகள் தாயின் பின்னால் ஒதுங்கின.

"உள்ளே வரலாமா?" என்று கேட்டது தலைமான்.

கூரன் பதில் சொல்ல வாயெடுத்தான். அப்போது காற்று திரும்பியது. கோரைக்குள் இருந்து கம்மென்று சவ்வாதின் வாசனை வந்தது. பின்பக்கமாக நுழைந்திருந்தான். நீர்க்கோழியைப் பார்த்தான். அது தூரத்தில், கரையோரத்தில், மேலே பறந்த பூச்சிகளை அவசரமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. காலையில் அழுததில் பட்டினி.

வாசலை விட்டு நகராதே என்பது உத்தரவு. நகர்ந்தால் வேலை போகும். கூரன் பயந்தான். கழுதைப்புலிக்கு ஒருநாளும் பயப்படாதவன், அந்த வாசலில் நின்று பயந்தான். மெத்தென்ற முள்ளோடு தன் குட்டிகள் பாறை மேல் கிடப்பது அவன் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆனால் கோரைக்குள் இருப்பதும் குட்டிகள்தானே!

வாழ்நாளில் முதல் தடவையாகக் கூரன் உத்தரவை மீறினான். மான் கூட்டத்தை வெயிலில் விட்டுவிட்டுக் கோரைக்குள் பாய்ந்தான்.

உள்ளே சவ்வாது கூட்டில் ஒரு முன்னங்காலை ஊன்றி, மறு காலால் ஒரு முட்டையை வாயருகே கொண்டுபோயிருந்தான்.

"அதைக் கீழே வை!"

சவ்வாது பதறிப்போய் முட்டையைக் கூட்டில் போட்டான். பிறகு பல்லைக் காட்டிச் சீறினான். கூரன் உடனே அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான்.

"சண்டை பார்த்த ஆள்னு சொன்னாங்க! முதுகைக் காட்டி ஓடுறியே!" என்று சவ்வாது சிரித்தான்.

மற்றவர்கள் முதுகைக் காட்டினால் ஓட்டம். முள்ளம்பன்றி முதுகைக் காட்டினால் ஓட்டம் இல்லை. கூரன் பின்பக்கமாகவே ஒரு தாவு தாவினான். சவ்வாதின் மூக்கெல்லாம் முள்! அவன் போட்ட கூச்சலில் குளமே அங்கே கூடிவிட்டது.

வலியிலும் சவ்வாதின் வாய் ஓயவில்லை. "பார்த்தீங்களா! முட்டை திருட வந்தான்! நான் தடுத்தேன், குத்திட்டான்!"

எல்லாரும் கூரனைப் பார்த்தார்கள். சிலிர்த்த முள், உருட்டிய கண், மஞ்சள் பல். பக்கத்தில் ரத்தம் வழிய வாசனைச் சவ்வாது. யாரை நம்புவார்கள்?

"முட்டையைத் தொடவில்லை!" என்றான் கூரன். அதற்கு மேல் பேச அவனுக்குத் தெரியவில்லை.

"எல்லாரும் தள்ளுங்க!" என்றாள் கரடியம்மா. அவளுக்குக் கண் கொஞ்சம் மங்கல். மூக்கு மட்டும் பொய் சொல்லாது. கூட்டருகே குனிந்து ஒவ்வொரு முட்டையாக மோந்தாள். ஒரு முட்டையில் நின்றாள். மறுபடியும் மோந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"முட்டைக்கு யாருடா சவ்வாது பூசினது?"

கூச்சல் கேட்டு அக்கரையில் இருந்து வந்த நாரையும் வாயைத் திறந்தது. "இவன் கோரையைச் சுத்திச் சுத்தி வந்ததை நான் பார்த்தேம்மா!"

சவ்வாது அதற்கு மேல் நிற்கவில்லை. மூக்கில் முள்ளோடு மேட்டுக்காட்டுப் பக்கம் ஓடினான். போகிற வழியெல்லாம் வாசனை அடித்தது.

"எப்படிப்பா கண்டுபிடிச்சே?" என்று கேட்டாள் கரடியம்மா.

"அவனே உளறிவிட்டான் அம்மா! 'உங்களைத் தனியாகக் கவனித்துக்கொள்கிறேன்' என்றான். காவல்காரனைக் கவனிக்கிறவன் ஒற்றனாகத்தானே இருக்க வேண்டும்?"

தவளைகள் முதலில் சிரித்தன. அப்புறம் குளமே சிரித்தது.

"ஐயோ மிலிட்டரி! கவனிச்சுக்கிறேன்னா, கண்டுக்காம இருக்கிறதுக்கு ஏதாச்சும் தர்றேன்னு அர்த்தம்!" என்றது அணில்.

கூரன் விழித்தான். "அப்படியென்றால் கரடியம்மா கவனிக்கச் சொன்னது?"

"அட கடவுளே! அது வேறப்பா!" கரடியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "வந்தவங்களுக்குத் தண்ணி குடுத்து, நிழல்ல உட்கார வெச்சு, சாப்பிட்டீங்களான்னு ஒரு வார்த்தை கேக்கறது! நீ என்ன செஞ்சே?"

"ஒரு சொல்லுக்கு இத்தனை அர்த்தமா! எல்லையில் ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம்தான்! இல்லாவிட்டால் செத்துப்போவோம்!"

மறுபடியும் சிரிப்பு. நீர்க்கோழி மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிங்க, சிரிங்க. நேத்து இருந்த ஒண்ணு இன்னிக்கு இல்ல," என்றது.

சிரிப்பு நின்றது. நாரை தலையைக் குனிந்துகொண்டது. "நான் நேத்தே சொல்ல வந்தேன். ரோஷப்பட்டுப் பாதியிலே போயிட்டேன்."

"ஒற்றைக்காலுக்குக் காரணம் கேட்டு உன்னை விரட்டினது நான். கோரைக்குள் போகச் சொல்லி அவனுக்கு அனுமதி கொடுத்ததும் நான்," என்றான் கூரன். "விறைச்சு நின்னான்னு நம்பிட்டேன். நீங்க எல்லாம் நான்தான்னு சொன்னீங்கன்னு நம்பாமப் போயிட்டேன்."

வளைக்கு வெளியே முதல் தடவையாக அவன் எல்லாரையும் போலப் பேசினான். அது அவனுக்கே தெரியவில்லை.

யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். மான் கூட்டத்தைக் கரடியம்மாவே நிழலுக்கு அழைத்துப்போனாள். போகும்போது திரும்பிப் பார்த்து, "நாளைக்கும் வா. ஆனா யார்கிட்டயும் மூக்கு ஏன் துடிக்குதுன்னு கேக்காதே!" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எல்லாரும் போன பிறகும் கூரன் கோரையை விட்டு நகரவில்லை. நீர்க்கோழி கூட்டில் உட்கார்ந்திருந்தது. கூரன் மெதுவாகக் கேட்டான்.

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல. இதுங்களை விட்டுட்டு எப்படிப் போறது?"

"போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க. நான் கவனிச்சுக்கிறேன்."

நீர்க்கோழி அவனைச் சந்தேகமாகப் பார்த்தது. "எந்தக் கவனிப்பு?"

"ரெண்டும்தான்," என்றான் கூரன்.

நீர்க்கோழி இன்னும் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தது. பிறகு எழுந்தது. இரண்டடி போய்த் திரும்பிப் பார்த்தது. கூரன் கூட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு முள்ளும் முட்டையில் படாதபடி முதுகைத் தணித்துக்கொண்டிருந்தான். காற்றடித்தது. சருகு விழுந்தது. முள் சிலிர்க்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் நீர்க்கோழி இரை தேடப் போயிற்று.

வருகிறவர் யார் என்று பார்ப்பது பாதிக் கவனிப்புதான். வந்தவருக்கு என்ன வேண்டும் என்று பார்ப்பதே மீதிக் கவனிப்பு.